பழைய காரில் மின்விசிறி: 2.8 வோல்ட் எங்கே போனது?

காரின் மேல் புகார்கள் நான்கு. போக்குவரத்து நெரிசலில் நின்றால் டெம்பரேச்சர் முள் சிவப்பை நோக்கி ஏறுகிறது. ரேடியேட்டர் விசிறி ஒருமுறை ஓடத் தொடங்கினால் வண்டியை அணைக்கும்வரை நிற்பதில்லை, நெடுஞ்சாலையில் போனாலும் சரி. விசிறிக்கான ஃபியூஸ் ஹோல்டர் உருகிப்போய், புதிது போட்டு, அதுவும் உருகியிருக்கிறது. நான்காவது கொஞ்சம் விசித்திரமானது: விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போது சாவியைத் திருப்பி அணைத்தால் எஞ்சின் உடனே நிற்காமல் ஓரிரு நொடி ஓடிவிட்டுத்தான் அடங்குகிறது.

கார் நண்பருடையது. நீளவாக்கில் அமைந்த நாலு சிலிண்டர் எஞ்சின், கார்புரேட்டர், எஞ்சின் சுற்றும்போது மின்சாரம் தரும் 45 ஆம்பியர் ஆல்டர்னேட்டர், டேஷ்போர்டில் பழைய பாணி ஆம்மீட்டர், 82 டிகிரியில் ரேடியேட்டருக்கு நீர் வழி திறக்கும் தெர்மோஸ்டாட், 7 பி.எஸ்.ஐ. அழுத்தம் தாங்கும் ரேடியேட்டர் மூடி. கம்பெனியிலிருந்து வந்தபோது வாட்டர் பம்ப் முகத்தில் விசிறி இருந்தது. பெல்ட் சுற்றினால் அதுவும் சுற்றும். முன்பு ஏதோ ஒரு ஒர்க்‌ஷாப்பில் அதைக் கழற்றிவிட்டு 12 அங்குல மின்விசிறி ஒன்றை மாட்டியிருந்தார்கள். நண்பரின் யோசனை, “இதை எடுத்துட்டு இன்னும் பெரிய ஃபேனா போட்டுடலாமே” என்பது. இப்படிப்பட்ட கார்களில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். பெட்டியில் அச்சடித்திருக்கும் காற்றளவைப் பார்த்து விசிறி வாங்குகிறோம். அந்தக் காற்றளவு விசிறியின் முனையில் முழு வோல்ட் கிடைத்தால்தான் வரும் என்பதை விட்டுவிடுகிறோம். அதனால் விசிறியைத் தொடுவதற்கு முன்னால் அளக்கலாம் என்றேன்.

அதற்கும் முன்னால் ஒரு விஷயத்தை உறுதிசெய்ய வேண்டியிருந்தது. நெடுஞ்சாலை வேகத்தில் சூடேறும் காருக்கு விசிறி மருந்தாகாது. மணிக்கு 50, 60 கிலோமீட்டருக்கு மேல் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும். அப்போதும் சூடேறினால் அடைபட்ட ரேடியேட்டர், தளர்ந்த பெல்ட், பின்தங்கிய இக்னிஷன் டைமிங், பெட்ரோல் குறைந்த கலவை என்று வேறு இடத்தில்தான் தேட வேண்டும். இந்தக் கார் வேகத்தில் ஒழுங்காக இருந்தது, நின்றால்தான் தகராறு. டைமிங் சரியாக இருந்தது. எஞ்சின் சூடானதும் அகச்சிவப்பு வெப்பமானியால் ரேடியேட்டர் முகத்தை வரிசையாகப் பார்த்தபோது அடைப்பைக் காட்டும் குளிர்ந்த திட்டுகள் இல்லை. ஆக, பிரச்சினை காற்றோட்டத்திலும் கரண்டிலும்தான்.

அளந்தபோது தெரிந்தது

வோல்ட் இழப்பை விசிறி ஓடும்போதுதான் அளக்க வேண்டும். ஓடாதபோது அந்த வயரின் நுனியில் மீட்டரை வைத்தால் பேட்டரியின் முழு வோல்டையும் காட்டும், எல்லாம் சரி என்று தோன்றும். கரண்ட் ஓடாத வயரில் வோல்ட் விழாது. பல ஒர்க்‌ஷாப்களில் டெஸ்ட் லாம்ப் எரிகிறதா என்று பார்த்துவிட்டு “சப்ளை வருது” என்று முடித்துவிடுகிறார்கள். டெஸ்ட் லாம்ப் இழுக்கும் கரண்ட் மிகக் கொஞ்சம். அரிக்கப்பட்ட முனையிலும் அது பளிச்சென்று எரியும்.

எஞ்சின் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் நின்றபடி ஓடும்போது), விசிறி ஓடும்போது: ஆல்டர்னேட்டரின் வெளியீட்டு முனைக்கும் எஞ்சின் பிளாக்கிற்கும் இடையே 13.2 வோல்ட். விசிறி மோட்டாரின் இரண்டு முனைகளுக்கிடையே 10.4. கிளாம்ப் மீட்டர் காட்டிய கரண்ட் 11 ஆம்பியர்.

2.8 வோல்ட் வழியிலேயே தொலைந்திருக்கிறது. மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரில் வைத்துக்கொண்டு, மறுமுனையை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்திக்கொண்டே போனால் எங்கே எவ்வளவு போகிறது என்று தெரிந்துவிடும். இக்னிஷன் சுவிட்சிலும் அதன் கனெக்டர்களிலும் 0.7. மூன்றரை மீட்டர் நீளமுள்ள 1 சதுர மில்லிமீட்டர் வயரில் 0.7. ஃபியூஸ் ஹோல்டரில் 0.6. இவை பாசிட்டிவ் பக்கம். எர்த் பக்கத்தில், அதாவது கரண்ட் பாடி வழியாகத் திரும்பும் பாதையில், பெயின்டின் மேலேயே முடுக்கப்பட்ட திருகில் 0.4, பாடிக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள பழைய எர்த் பட்டையில் இன்னொரு 0.4.

ஃபியூஸ் ஹோல்டர் ஏன் உருகியது என்பதற்கும் பதில் இங்கேயே இருக்கிறது. 0.6 வோல்ட், 11 ஆம்பியர், பெருக்கினால் 6.6 வாட். விரல் நுனி அளவு பிளாஸ்டிக்குக்குள் அவ்வளவு சூடு, நிற்காமல் ஓடும் விசிறியோடு மணிக்கணக்காக. கழற்றிப் பார்த்தபோது ஃபியூஸ் முழுசாக இருந்தது, அதைப் பிடித்திருந்த பித்தளைக் கவ்வி நிறம் மாறி நெகிழ்ந்திருந்தது. ஃபியூஸ் அதிக கரண்டுக்குத்தான் காவல். தளர்ந்த கவ்வியில் பிறக்கும் சூட்டை அதனால் தடுக்க முடியாது, ஏனென்றால் ஓடும் கரண்ட் அளவுக்குள்தான் இருக்கிறது.

10.4 வோல்ட் என்பது பார்க்கச் சிறிய குறைவு போலத் தெரியலாம். மோட்டாரின் வேகம் ஏறத்தாழ வோல்டோடு சேர்ந்து இறங்கும். காற்றின் அளவு வேகத்தோடு இறங்கும். ஐந்தில் ஒரு பங்கு காற்று அங்கேயே போய்விட்டது. விசிறி காற்றுக்குக் கொடுக்கும் சக்தியோ வேகத்தின் மும்மடிப் பெருக்கோடு போவது, அது பாதியாகிவிடுகிறது. இந்த வயரிங்கில் இதைவிடப் பெரிய விசிறியை மாட்டினால் அது கூடுதல் கரண்ட் இழுக்கும், இழப்பும் சேர்ந்து கூடும், ஹோல்டர் இன்னும் சீக்கிரம் உருகும்.

முள் குதித்த இடம்

அளந்துகொண்டிருக்கும்போது நண்பர் ஒன்றைச் சொன்னார்: விசிறி ஓடத் தொடங்கும் கணத்திலேயே டெம்பரேச்சர் முள் சட்டென்று ஒரு கோடு மேலே போகிறதாம். உட்கார்ந்து பார்த்தேன், உண்மைதான். விசிறியின் வயரைக் கழற்றினால் முள் இறங்குகிறது, மாட்டினால் ஏறுகிறது. பல லிட்டர் கூலன்ட் அரை நொடியில் சூடாகாது. ஆகவே முள் காட்டியது வெப்பத்தை அல்ல, வோல்டை.

இந்த வகை கார்களில் டெம்பரேச்சர் மீட்டருக்கு ஒரு ஸ்டெபிலைசர் 10 வோல்ட் கொடுக்கும், அந்த 10 வோல்ட் பாடியை அடிப்படையாக வைத்தது. சென்சரோ எஞ்சினில் திருகப்பட்டிருக்கிறது, அதன் எர்த் எஞ்சின் பிளாக். இரண்டுக்கும் நடுவே அந்தப் பழைய எர்த் பட்டை. விசிறியின் கரண்ட் பாடி வழியாக ஆல்டர்னேட்டருக்குத் திரும்பும்போது பட்டையில் 0.4 வோல்ட் விழுகிறது, எஞ்சின் பாடியைவிட அத்தனை கீழே போகிறது. மீட்டருக்குக் கிடைப்பது 10 அல்ல, 10.4. முள் மேலே போகிறது. நண்பர் இத்தனை நாளும் பதறியதில் ஒரு பகுதி வெறும் எர்த் கோளாறு. பாவம், அந்த முள்ளைப் பார்த்துத்தான் விசிறியின் கன்ட்ரோலரை இறக்கிக்கொண்டே போயிருக்கிறார்.

அந்தக் கன்ட்ரோலர்தான் விசிறி நிற்காததற்குக் காரணம். மேல் ஹோஸுக்குள் வெப்பத்தை உணரும் மெல்லிய கேப்பிலரி குழாயைச் செருகி, திருகால் அளவை மாற்றிக்கொள்ளும் வகை. ஹோஸின் வாயில் குழாய் நுழையும் இடத்தில் கூலன்ட் கசிந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. திருகு ஆகக் குறைந்த புள்ளியில் இருந்தது, அதாவது 80 டிகிரிக்கும் கீழே. தெர்மோஸ்டாட் 82-ல் திறக்கத் தொடங்குகிறது. கூலன்ட் அதற்குக் கீழே இறங்கப் பார்த்தால் தெர்மோஸ்டாட் மூடிக்கொண்டு எஞ்சினை மறுபடி 82-க்கே கொண்டுவரும். எஞ்சினிலிருந்து வெளிவரும் நீர் 80-க்குக் கீழே வரவே வராது. அங்கே அணைய வேண்டிய விசிறி என்றைக்கு அணையும்? விசிறி அணையும் வெப்பம் தெர்மோஸ்டாட் திறக்கும் வெப்பத்தைவிட சில டிகிரியாவது மேலே இருக்க வேண்டும். விசிறியை இறக்கி வைத்தால் எஞ்சின் குளிர்ச்சியாகிவிடாது, விசிறி மட்டும்தான் தேயும்.

சாவி அணைத்தும் ஓடிய எஞ்சின்

கார்புரேட்டர் எஞ்சின் அணைத்த பிறகும் ஓடினால் வழக்கமாக நினைப்பது, சிலிண்டருக்குள் கனன்றுகொண்டிருக்கும் கரி பெட்ரோலைப் பற்றவைக்கிறது என்று. அப்படி ஓடும் எஞ்சின் முக்கி முனகி உதறும். இது அழகாக, சீராக ஓடியது, ஸ்பார்க் இருப்பதைப் போல. விசிறியின் பிளக்கைக் கழற்றிவிட்டுச் சாவியை அணைத்துப் பார்த்தோம். சட்டென்று நின்றது.

நிரந்தரக் காந்தம் உள்ள டி.சி. மோட்டார் சுற்றும்போது தானே ஜெனரேட்டராகவும் இருக்கும். விசிறிக்கான வயர் ஸ்பார்க் உண்டாக்கும் இக்னிஷன் காயிலுக்குப் போகும் அதே இணைப்பிலிருந்து, ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) இல்லாமல், நேராக எடுக்கப்பட்டிருந்தது. சாவி பேட்டரியைத் துண்டித்ததும் வேகம் குறைந்துகொண்டே சுற்றும் விசிறி காயிலுக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டிருந்தது. ரிலேயின் தொடர்பு முனைகளுக்கும் இக்னிஷன் சர்க்யூட்டிலிருந்தே சப்ளை எடுத்தால் இதே கதை வரும். கூடவே ரிலே காயிலையும் விசிறியே பிடித்து வைத்திருக்கும். விசிறிக்கான கரண்ட் இக்னிஷன் பக்கத்தைத் தொடவே கூடாது.

புதிதாகச் செய்தது

முதலில் காற்று. ரேடியேட்டரின் முகம் 58-க்கு 40 சென்டிமீட்டர், அதாவது 2,320 சதுர சென்டிமீட்டர். 12 அங்குல விசிறியின் வட்டம் சுமார் 730. ஷ்ரௌட் (ரேடியேட்டர் முழுவதிலிருந்தும் காற்றை விசிறிக்கு வழிநடத்தும் கூடு) இல்லாமல், ரேடியேட்டர் துடுப்புகளுக்கு இடையே பிளாஸ்டிக் டையைக் கோர்த்து நேராக முகத்தில் ஒட்டினாற்போல் கட்டியிருந்தார்கள். வண்டி நிற்கும்போது மூன்றில் ஒரு பங்கு பரப்பில்கூட காற்று ஓடவில்லை. விசிறி ஓடும்போது வெப்பமானியில் அந்த வட்டம் மட்டும் குளிர்ந்திருந்தது, மூலைகள் மேல்தொட்டியின் சூட்டிலேயே இருந்தன. டைகள் ஆடி ஆடித் துடுப்புகளைத் தேய்த்திருந்த இடங்களைப் பார்த்தபோது மனசு கஷ்டமாக இருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் குழாயே அறுபட்டிருக்கும். இந்த டைகளை யாரும் பயன்படுத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ரேடியேட்டரின் பக்கச் சட்டத்தில் பிராக்கெட் வைத்துத்தான் விசிறியைத் தாங்க வேண்டும்.

புதிதாகப் போட்டது 10 அங்குல விசிறிகள் இரண்டு. 14 அங்குலத்தில் ஒன்று போட்டிருந்தாலும் கிட்டத்தட்ட இதே பரப்புதான் வரும். ஆனால் பழைய விசிறி போன பிறகும் வாட்டர் பம்பின் மூக்கு நடுவில் நீட்டிக்கொண்டிருக்கிறது; ஒற்றை விசிறியின் மோட்டார் சரியாக அதற்கு நேரே வந்து நிற்கும். இரண்டாகப் போட்டால் மோட்டார்கள் மூக்கின் இரு பக்கமும் ஒதுங்கிவிடுகின்றன. ஒன்று பழுதானாலும் மற்றொன்று வீடு சேர்க்கும் என்ற நிம்மதியும் உண்டு. அலுமினியத் தகட்டில் ஷ்ரௌட் செய்து, இறக்கைகளுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே மூன்று சென்டிமீட்டருக்குக் குறையாமல் இடைவெளி விட்டோம், மூலைகளிலிருந்தும் காற்று வரட்டும் என்று. வேகத்தில் போகும்போது ஷ்ரௌட்டே எதிர்க்காற்றை மறிக்காமலிருக்கத் தகட்டில் திறப்புகள் வெட்டி ரப்பர் மடல்கள் வைத்தோம். உள்ளே இழுக்கும்போது மூடிக்கொள்ளும், காற்று முன்னாலிருந்து தள்ளும்போது திறக்கும்.

பம்ப் முகத்தில் விசிறி இருந்த தடிமன் போய்விட்டதால் புல்லியைப் பிடிக்கும் போல்ட்டுகள் நீளமாகிவிடும். முழுதும் இறுகியது போலத் தெரியும், புல்லி தளர்வாக இருக்கும். அதே தரத்தில் குட்டையான போல்ட்டுகள் வேண்டும். முன்பு வேலை செய்தவர்கள் இதைச் சரியாகவே செய்திருந்தார்கள்.

அப்புறம் மின்சாரம். இங்கே ஆம்மீட்டரை நினைவில் வைக்க வேண்டும். பழைய கார்களில் ஆம்மீட்டர் பேட்டரிக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் நடுவே இருக்கிறது. விசிறிக்கு நேராக பேட்டரி முனையிலிருந்து கரண்ட் எடுத்தால், ஆல்டர்னேட்டர் விசிறிக்குத் தரும் அத்தனை ஆம்பியரும் ஆம்மீட்டர் வழியாகவே போகும். பேட்டரி நன்றாக சார்ஜ் ஆகிறது என்று பொய்யும் சொல்லும். அதனால் ஆல்டர்னேட்டர் பக்கத்து முனையிலிருந்து எடுத்தோம். ஆம்மீட்டர் இல்லாமல் வோல்ட்மீட்டர் மட்டும் உள்ள காரில் பேட்டரியிலிருந்தே எடுக்கலாம்.

அந்த முனையிலிருந்து 6 சதுர மில்லிமீட்டர் வயர், ஒரு சாண் தூரத்துக்குள் 40 ஆம்பியர் மெயின் ஃபியூஸ். அங்கிருந்து விசிறிக்கு ஒன்றாக இரண்டு 15 ஆம்பியர் ஃபியூஸ்கள், இரண்டு ரிலேக்கள். ஒவ்வொரு விசிறியும் ஓடும்போது 8 ஆம்பியர் எடுக்கிறது, கிளம்பும் கணத்தில் அதைப்போல் சில மடங்கு. ரிலேயின் காலெண்கள் ஜெர்மனியின் டி.ஐ.என். 72552 தரப்படி வந்தவை, பெரும்பாலான கம்பெனி ரிலேக்களில் பொருந்தும்: 30-க்கு ஃபியூஸிலிருந்து வரும் சப்ளை, 87-லிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் விசிறிக்கு, 86-க்கு சாவி போட்டால் வரும் மெல்லிய வயர், 85-லிருந்து தெர்மோ சுவிட்ச் வழியாக எர்த். சாவியும் தெர்மோ சுவிட்சும் இப்போது சுமப்பது ரிலே காயில்களின் கரண்டை மட்டுமே, அது அரை ஆம்பியர்கூட இல்லை. காயில் அணையும்போது எழும் வோல்ட் குத்தலை அடக்க 85-க்கும் 86-க்கும் நடுவே ஒரு டயோடு, கோடு போட்ட முனை 86 பக்கம். ரிலேக்களைக் கால்கள் கீழே பார்க்கும்படி மாட்டினோம், தண்ணீர் தெறித்தாலும் உள்ளே தங்காமல் வடியட்டும்.

முனைகளை ஈயம் வைத்து ஒட்டாமல் சரியான கருவியால் கிரிம்ப் செய்தேன், அதாவது நசுக்கிப் பிடிக்கவைத்தேன். ஈயம் ஊறிய இடத்தில் வயர் விறைத்துவிடும், எஞ்சின் அதிர்வில் அந்த எல்லையில்தான் இழைகள் முறியும். நன்றாகக் கிரிம்ப் செய்த லக்கை (வயர் நுனியில் மாட்டும் உலோக முனையை)ப் பிடித்து ஆளைத் தூக்குவது போல இழுத்தாலும் வராது.

எர்த்துக்குத்தான் அதிக நேரம் கொடுத்தோம். விசிறிகளின் நெகட்டிவ் வயர்களை ரேடியேட்டர் தாங்கியில் திருகாமல், தனி வயராக எஞ்சின் பிளாக்கிற்கே கொண்டுபோனோம். பிளாக்கில் உலோகம் பளபளக்கும்வரை தேய்த்து, லக்கை முடுக்கி, மேலே கிரீஸ் பூசியாயிற்று. பாடிக்கும் எஞ்சினுக்கும் புதிய எர்த் பட்டை.

தெர்மோ சுவிட்ச் 92-ல் மூடி 87-ல் திறக்கும் வகை, மேல் ஹோஸின் நடுவே ஓர் உலோக இணைப்புக் குழாய் வைத்து அதில் திருகினோம். இரண்டு கால் உள்ள சுவிட்சைத்தான் தேர்ந்தெடுத்தேன். ஒற்றைக் கால் சுவிட்சுக்கு எர்த் அதன் உடல் வழியாக வர வேண்டும், இரு பக்கமும் ரப்பர் ஹோஸுக்கு நடுவே தொங்கும் குழாயில் அது வராது. 92-க்கும் 99-க்குமாக இரண்டு நிலை உள்ள சுவிட்ச் போட்டு விசிறிகளை ஒவ்வொன்றாகக் கிளப்பலாமே என்று நண்பர் கேட்டார். நியாயமான யோசனைதான். ஆனால் 7 பி.எஸ்.ஐ. மூடியின் கீழ் வெறும் தண்ணீர் 111 டிகிரி வாக்கில் கொதித்துவிடும். அத்தகைய சுவிட்சுகளில் இரண்டாம் நிலை 105 வரைகூடத் தாமதிக்கலாம். உயர்ந்த அழுத்த மூடி உள்ள புதிய கார்களுக்கு அது சரி, இதற்கு வேண்டாம். இரண்டு விசிறிகளும் ஒன்றாகவே ஓடுகின்றன. தெர்மோ சுவிட்சுக்கு இணையாக டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு கைச்சுவிட்சும் உண்டு, சென்சர் செத்தால் உதவ.

இணைத்து முடித்ததும் காகிதச் சோதனை. ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு தாளை வைத்தால் அது ஒட்டிக்கொள்ள வேண்டும். பாசிட்டிவ் நெகட்டிவ் மாறியிருந்தாலும் விசிறி சுற்றும், சத்தமும் வரும், ஆனால் காற்றை முன்னோக்கித் தள்ளும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றோடு மல்லுக்கு நிற்கும். தாள் பச்சென்று ஒட்டியது.

இப்போதைய நிலை

ஐடிலில் ஆல்டர்னேட்டரில் 13.4, விசிறி முனையில் 13.0. இரண்டு பக்கமும் சேர்த்து இழப்பு 0.4 வோல்ட். பிளாக்கிற்கும் பாடிக்கும் இடையே மீட்டர் காட்டுவது கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு. விசிறி கிளம்பும்போது டெம்பரேச்சர் முள் அசைவதில்லை. ஃபியூஸ் பெட்டியைத் தொட்டால் பானெட்டுக்குள் இருக்கும் சூடு மட்டும்தான். வெயிலில் நிறுத்தி ஐடிலில் விட்டால் விசிறிகள் 92-ல் கிளம்பி, 87-க்கு இறக்கி, நின்று, மறுபடி கிளம்புகின்றன. வேகமெடுத்தால் ஓடுவதே இல்லை. சாவியை அணைத்தால் எஞ்சினும் விசிறியும் சேர்ந்து நிற்கின்றன.

அணைத்த பிறகும் விசிறி சிறிது நேரம் ஓடினால் நல்லதல்லவா என்று பலர் கேட்பார்கள். வாட்டர் பம்ப் நின்றுவிட்டால் எஞ்சினுக்குள் இருக்கும் நீர் பெரும்பாலும் அங்கேயே நிற்கும். விசிறி ரேடியேட்டரில் தேங்கியதை மட்டும் குளிர்விக்கும். கார்புரேட்டரில் பெட்ரோல் கொதிக்கும் தொல்லை உள்ள காருக்கு பானெட்டுக்குள் காற்று ஓடுவது உதவலாம். இந்தக் காருக்கு அந்தத் தொல்லை இல்லை, பேட்டரியை ஏன் கரைக்க வேண்டும்?

மீதமிருப்பது இரவுக் கணக்கு. விசிறிகளுக்கு 16 ஆம்பியர், ஹெட்லைட்டுக்கு எட்டு ஒன்பது, இக்னிஷனுக்கு மூன்று நான்கு, பின்விளக்குகளுக்கு இரண்டு, மழை பெய்தால் வைப்பருக்கும். 30-ஐத் தாண்டிவிடுகிறது. 45 ஆம்பியர் என்று எழுதியிருக்கும் ஆல்டர்னேட்டர் ஐடிலில் அதில் பாதி கொடுத்தால் அதிகம். இரவு நெரிசலில் விசிறிகள் ஓடும்போது ஆம்மீட்டர் முள் இறக்கப் பக்கம் சாய்வதை இருவரும் பார்த்தோம். விசிறிகள் நின்றதும் ஏற்றப் பக்கம் வருகிறது. விசிறிகள் விட்டுவிட்டு ஓடுவதால் பேட்டரி தாங்குகிறது. இப்போதைக்கு ஐடிலைக் கொஞ்சம் ஏற்றி, பெல்ட்டை இறுக்கி விட்டிருக்கிறோம். 65 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் போடுவதானால் அதிலிருந்து வரும் சார்ஜிங் வயரையும் தடிமனாக மாற்ற வேண்டும், ஆம்மீட்டர் அதைத் தாங்குமா என்றும் பார்க்க வேண்டும். ஆல்டர்னேட்டருக்குப் பதில் லூகாஸ் சி40 போன்ற 22 ஆம்பியர் டைனமோ (பழைய வகை ஜெனரேட்டர்) உள்ள கார் என்றால் இந்த வேலையையே நான் பரிந்துரைக்க மாட்டேன். டைனமோ ஐடிலில் ஏறக்குறைய ஒன்றும் கொடுக்காது. பம்பில் மாட்டிய பழைய விசிறியையே வைத்துக்கொண்டு, அதைச் சுற்றி ஒரு நல்ல ஷ்ரௌட் செய்து போடுவதுதான் அத்தகைய காருக்குச் சரி.